விதைக்கு விட்ட கொடி

அவரை பறிக்கப் பறிக்கக் காய்க்கும். பிஞ்சாகவே பறித்து வந்தால் அதே பூங்கொத்து மறுபடியும் மொட்டு விடும். காய்களை முற்ற விட்டால் பூப்பது குறைந்து, கொடியின் பலமெல்லாம் விதைக்குப் போய்விடும். கொல்லிமலையில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஒன்றுவிட்டு ஒருநாள் பந்தலடியில் நிற்பது அதனால்தான். காயைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். ஒரு கையால் கொத்தின் காம்பைத் தாங்கி, மறு கையால் காயை மட்டும் கிள்ளுவார்கள். கொத்து முறிந்தால் அடுத்த பறிப்பு போயிற்று.

ஆனால் ஒரு கொடியைத் தொடக் கூடாது. இளையவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். காய்ப்பு நன்றாக இருக்கும்போதே, நோய் அண்டாத, காய் பருத்த கொடியாகப் பார்த்துத் துணி கட்டி, விதைக்கென்று விட்டுவிட வேண்டும்.

"விருந்தாளி வந்திருக்காங்க மாமா, அந்தக் கொடியில நாலு காய் கிள்ளிக்கவா?" என்று மருமகள் கேட்டாலும், "கீரையைக் கடைஞ்சு வை தாயி, அது அடுத்த வருசத்துக் காய்" என்றுதான் சொல்வேன். மாசியில் கொடி காயும்போது, தின்றது போகச் சூம்பிக் கிடக்கும் நெற்றை விதையென்று பொறுக்கி வைக்கிறார்கள் சிலர். அந்தக் கணக்கு எனக்கு ஒப்பாது. விதைக்கு விட்டது போகத்தான் நமக்கு.

பொறுமையும் வேண்டும். எங்கள் கொடியவரையை ஆடியில் ஊன்றினால் புரட்டாசி வரை இலையும் கொடியுமாகவே படரும். பகல் சுருங்கி இரவு நீண்ட பிறகுதான் பூக்கும். பூக்கவில்லையே என்று யூரியாவைக் கொட்டினால் இலைதான் கொழுக்கும். வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிரே காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் இதைக் கண்டறிந்தார்கள். அந்த விளக்கம் தெரியாமலே எங்கள் பாட்டன்மார் கேழ்வரகுக்கு நடுவே அவரை ஊன்றினார்கள். காய்ப்பு முடிந்தால் கொடியை அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள். பனிக்காலத்தில் கொத்தில் அசுவினி அப்பினால், விடியலில் ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள்.

 

ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியதும் சாமைக்காடும் கேழ்வரகுக்காடும் சுருங்கின. அவற்றோடு காட்டு அவரையும் போனது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வந்து சிறுதானியங்களைக் காக்க முனைந்தது. ஊர் விதை வங்கிகள் எழுந்தன. வீட்டு அவரைக்கு நம் பரண்தான் வங்கி. அவரை பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கருக்கொள்வதால் தாய்க்கொடியின் குணம் அவ்வளவாக மாறாது. வருசாவருசம் கடையில் விதை வாங்கத் தேவையில்லை. நெற்று கொடியிலேயே கலகலவென்று காயட்டும். பிறகு உடைத்து வெயிலில் உலர்த்தி, வண்டு விழாமல் சாம்பல் கலந்து கலயத்தில் கட்டி வையுங்கள்.

வரும் ஆடியில் வேலியோரம் குழிக்கு இரண்டு மூன்று விதை ஊன்றுங்கள். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கூசாமல் கேளுங்கள். இருப்பவர்கள் ஒரு கைப்பிடியாவது கொடுத்தனுப்புங்கள்.