பின்தங்கி வரும் ரீடிங்

கார் இன்ஜினை ட்யூன் செய்பவரின் பொழுதை அதிகம் விழுங்கும் கோளாறு, சென்சார் அளவு லேப்டாப் திரைக்குத் தாமதமாக வந்து சேர்வது. ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் இன்ஜின் உறுமிவிடுகிறது; மேனிஃபோல்ட் அழுத்தம் திரையில் அரை விநாடி கழித்து ஏறுகிறது. 6000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு சுற்று சுற்ற 10 மில்லி விநாடி போதும். அரை விநாடிக்குள் 50 சுற்று முடிந்திருக்கும். அந்த ரீடிங்கை நம்பி எரிபொருள் அட்டவணையைத் திருத்தினால் திருத்தம் வேறொரு கட்டத்தில் போய் விழும். டர்போ இன்ஜினில் பெட்ரோல் குறைந்த கலவை கொஞ்ச நேரம் எரிந்தாலே பிஸ்டன் உருகக்கூடும்.

பெங்களூரு ஆடுகோடிக்கும் இந்தத் தொழிலுக்கும் உறவு பழையது. 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, ஊர் வாயில் மைகோ, ஸ்பார்க் பிளக்கும் டீசல் இன்ஜெக்‌ஷன் பம்பும் இங்கே தயாரித்தது. 2008இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் ஆயிற்று. 2022இல் இதே வளாகம் ஸ்பார்க்.நெக்ஸ்ட் என்ற தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது. பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஒப்பிட்டது முந்தைய தலைமுறையின் கைத்திறன். இன்றைய ட்யூனர் அதே ஒப்பீட்டை நேரத்தை வைத்துச் செய்கிறார். அவர் தினமும் கையாளும், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சாரும் (1976இல் வோல்வோ காரில் வந்தது) காரின் கணினிகளைக் கோக்கும் கேன் இணைப்பும் (1986இல் அறிமுகமானது) பாஷ் தந்தவைதான்.

தாமதம் எங்கே பிறக்கிறது என்று பிரித்தறிவதே வேலையின் பாதி. இதற்கு இரண்டு சேனல் ஆஸிலாஸ்கோப்பை விட நல்ல கருவி கிடையாது. ஒரு முனையைத் திராட்டில் சென்சாரின் சிக்னல் கம்பியிலும் மற்றொன்றை அழுத்த சென்சாரின் கம்பியிலும் பொருத்தி, திராட்டிலைச் சட்டென்று திறக்க வேண்டும். திராட்டில் சென்சார் வெறும் மின்தடை, அது காத்திருப்பதில்லை. அழுத்தத்தின் கோடு ஸ்கோப்பிலேயே பின்தங்கினால் குற்றம் சென்சார் பக்கம்: வேக்கம் ஹோஸ் நீளமாக இருக்கும், எங்கோ மடங்கியிருக்கும், அல்லது உள்ளே எண்ணெய் கட்டியிருக்கும். ஸ்கோப்பில் இரண்டும் உடனே ஏறி, லேப்டாப்பில் பதியும் லாகில் மட்டும் சோம்பினால் ஹோஸைத் தொடவே வேண்டாம். இன்ஜினைக் கழற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாத கேரேஜ், வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குகிறது.

ஸ்கோப் சென்சாரை விடுவித்துவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது இன்ஜினை ஆளும் கணினியான ஈசியூவின் ஃபில்டர். மெகாஸ்குவர்ட் போன்ற ஈசியூக்களில் ஒவ்வொரு சென்சாருக்கும் 1 முதல் 100 வரை ஓர் எண் உண்டு. 100 என்றால் ஃபில்டரே இல்லை, எண் குறையக் குறைய ரீடிங் சோம்பும். இதை 20, 10 என்று யாராவது இறக்கி வைத்திருந்தால், பெரும்பாலும் இக்னிஷன் இரைச்சலை மறைக்கத்தான். கிரவுண்ட் கம்பியையும் ஷீல்டையும் சரிசெய்துவிட்டு எண்ணை உயர்த்துவதே முறை. எண்ணை மட்டும் உயர்த்தினால் இரைச்சல் திரும்ப வரும். அடுத்த மெக்கானிக் மறுபடி இறக்குவார்.

பிறகு கம்பி வழி. ஒரு தடவைக்கு 200 பைட் அனுப்பும் ஈசியூ, விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் அதை 17 மில்லி விநாடியில் முடித்துவிடும். புளூடூத் மாட்யூலை 9600இலேயே விட்டுவிட்டால் அதே பொட்டலத்துக்கு 200 மில்லி விநாடிக்கு மேல் பிடிக்கும். எஃப்.டி.டி.ஐ. சிப் உள்ள யூ.எஸ்.பி. கேபிளுக்கு விண்டோஸ் டிரைவர் இயல்பாக வைக்கும் காத்திருப்பு 16 மில்லி விநாடி. போர்ட் அமைப்பில் அதை 1 ஆக்கலாம். ஈசியூவின் எஸ்.டி. கார்டில் பதிந்த லாக் சரியாகவும் லேப்டாப்பின் லாக் தாமதமாகவும் இருந்தால் இன்ஜின் மீது பழியே இல்லை.

காரின் கோளாறறியும் ஓ.பி.டி. சாக்கெட் வழியாகப் படிக்கும்போது நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு அளவையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பத்து அளவை ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் புதுப்பிக்கப்படும். இங்கேதான் போலி அடாப்டர் நுழைகிறது. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய ஈ.எல்.எம். 327 சிப்பைக் காப்பியடித்து, அந்த நிறுவனம் வெளியிடாத 1.5 என்ற பதிப்பு எண்ணை ஒட்டி விற்கிறார்கள். இறக்குமதி செய்தவருக்கும் கடைக்காரருக்கும் லாபம் அன்றைக்கே கைக்கு வந்துவிடுகிறது. இந்தப் போலியில் பதில் வராத கட்டளைக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் மெக்கானிக்குக் கூலி ஒரு காருக்கு இவ்வளவு என்றுதான். அந்த மணிகளை பில்லில் எழுத யாரும் இடம் தருவதில்லை. பெட்டியின் மேல் பொய் எண் அச்சிடுவது திருட்டு. திருடப்படுவது உழைப்பவரின் நேரம்.

லாம்ப்டா தாமதம் மட்டும் கோளாறல்ல, இயற்கை. எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து சைலன்சர் குழாயில் சென்சார் வரை பயணப்பட வேண்டும். ஐடிலில் அதற்குச் சில நூறு மில்லி விநாடிகள் ஆகலாம். வேகமும் லோடும் கூடும்போது குறையும். ஆகவே ஒரே எண் போதாது, அட்டவணை வேண்டும். இன்ஜினை ஒரே வேகத்தில் நிறுத்தி, இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைத் திடீரென 10 சதவீதம் கூட்டி, லாம்ப்டா அசையும் வரை ஆன நேரத்தைக் குறிக்க வேண்டும். பல வேகங்களில், பல லோடுகளில் இதைச் செய்தால் அட்டவணை நிரம்பும். ட்யூனர்ஸ்டூடியோ மென்பொருளின் தானியங்கித் திருத்தத்தில் இதைப் பதிவதற்கென்றே இடம் உண்டு. எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்றையும் சேர்த்து அளந்ததாகிவிடும்.

எல்லாம் சரியானதும் சாலையில் ஒருமுறை லாக் எடுத்து, திராட்டிலும் அழுத்தமும் ஒரே நேரத்தில் எழுகின்றனவா என்று பார்த்த பிறகே எரிபொருள் அட்டவணையில் கை வைக்க வேண்டும். ஃபில்டர் எண், கேபிள், போர்ட் வேகம், லாம்ப்டா தாமத அட்டவணை ஆகிய நான்கும் ஜாப் கார்டில் ஏற வேண்டும். வேறொரு லேப்டாப்பில் அதே கார் திரும்பி வரும்போது சோதனை அங்கிருந்து தொடங்கும்.