படபடப்புக்கு ஒரு பேரேடு!

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு 'ஹிருத்தாபநாசினி' என்று பெயர். நெஞ்சின் தாபத்தைப் போக்குகிறவள் என்று அர்த்தம். பெருமாளுக்கே 'வைத்திய வீரராகவர்' என்றொரு பெயர் உண்டு. அமாவாசையன்று ஜனங்கள் வந்து அந்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி வியாதியும் கரையும் என்று நம்பிக்கை. ஆக, நெஞ்சுப் படபடப்பு ஒன்றும் கம்ப்யூட்டரோடு வந்த சமாசாரம் இல்லை. அதற்கென்று நம் மாவட்டத்தில் ஒரு குளமே இருக்கிறது!

அதே மாவட்டத்தின் இன்னொரு மூலை கும்மிடிப்பூண்டி சிப்காட். மூர்மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் ரயில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி வரும். அங்கே ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் ஆறு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். கணக்குப் பிரிவுக்காரனுக்குக் காலண்டரில் நல்ல நேரம் என்பதே கிடையாது. 7-ம் தேதி டி.டி.எஸ்., 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 15-ம் தேதி பி.எஃப்., 20-ம் தேதி 3-பி. நடுவில் மிச்சமிருக்கிற நாட்களில் ஆடிட்டர் வருவார்.

இது போதாதென்று மேனேஜர். ராத்திரி பத்தே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்விக்குறி அனுப்புவார். வெறும் '?'. அவ்வளவுதான். அந்தக் கொக்கிக்கு என்ன அர்த்தமோ என்று விட்டத்தைப் பார்த்தபடி விடிய விடிய யோசிப்பேன். காலையில் போய் நின்றால், "ஒண்ணுமில்லப்பா... அந்த கூரியர்க்காரன் நம்பர் இருக்கா?" என்பார்.

ஒரு திங்கட்கிழமை, ரயில் பொன்னேரியைத் தாண்டும்போது நெஞ்சு 'திம் திம்' என்று அடித்துக்கொண்டது. உள்ளங்கை ஈரம். மூச்சு பாதியிலேயே நின்றது. எதிர் சீட்டில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அன்றைக்கே இ.சி.ஜி. எடுத்தாயிற்று. நார்மல்! டாக்டர் மூன்றே கேள்வி கேட்டார். "எத்தனை மணி நேரம் தூங்கறீங்க? காலைல சாப்பிட்டீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை காபி?" என் பதில்களை இங்கே எழுதமாட்டேன். அம்மா இந்தப் பத்திரிகை படிப்பாள்.

அவர் சொன்னதன் சாரம் இது. புலி துரத்தினால் ஓடவோ, எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகிறது. சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி, அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது. ரத்தம் வயிற்றை விட்டுக் கை கால் தசைகளுக்குப் போகிறது. வயிற்றைக் கலக்குவதும் அதனால்தான். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-லேயே இதையெல்லாம் புத்தகமாக எழுதிவிட்டார். சிக்கல் என்னவென்றால், புலிக்கும் மேனேஜரின் கேள்விக்குறிக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. புலி என்றால் ஓடித் தப்பிக்கலாம். கேள்விக்குறியிடமிருந்து எங்கே ஓடுவது?

பி.காம். படித்தவனுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. 'வரப்போகும் லாபத்தை நம்பாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கெல்லாம் ஒதுக்கு வை' என்று கணக்குப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பயந்த மனசு அப்படிப்பட்ட ஓர் அக்கவுன்டன்ட். ஆனால் நிஜ அக்கவுன்டன்ட்டுக்கு ஒரு கடிவாளம் உண்டு. ஏ.எஸ்.29 என்று பெயர். நிச்சயமான கடன் என்றால் கணக்கில் காட்டு. பெரும்பாலும் வரும் என்றால் ஒதுக்கு வை. வந்தாலும் வரலாம் என்றால் அடிக்குறிப்பில் மட்டும் எழுது. வர வாய்ப்பே இல்லையென்றால் அடிக்குறிப்புகூட வேண்டாம். பயந்த மனசோ இந்த நாலையும் 'நிச்சயமான கடன்' தலைப்பிலேயே ஏற்றிவிடுகிறது!

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, பயம், எந்த வகை, கடைசியில் என்ன நடந்தது, முந்தின ராத்திரி எத்தனை மணி நேரத் தூக்கம். இவ்வளவுதான் பத்திகள். பகலில் கவலை வந்தால், "ராத்திரி ஏழரைக்கு வா" என்று அனுப்பிவிடுவேன். கவலைப்படுவதற்கென்று தினம் அரை மணி நேரம் ஒதுக்கும் இந்த முறையை 1983-லேயே தாமஸ் போர்க்கோவெக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரின் குழு சோதித்து எழுதியிருக்கிறது. என் அனுபவத்தில், பாதிக் கவலைகள் அப்பாயின்ட்மென்ட்டுக்கு வருவதே இல்லை.

மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 34 பதிவு. நிஜமாக நடந்தது மூன்று. அதைவிட சுவாரசியம், பதிவுகள் விழுந்த இடம். ஞாயிறு சாயங்காலம், அப்புறம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கின மறுநாள். மேனேஜர் லீவில் போன வாரத்திலும் படபடப்பு வந்திருக்கிறது, பாவம்! வில்லன் அவர் மட்டும் இல்லை.

ஆனால், ஒரே பதிவு ஒன்பது தடவை இருந்தது. 'கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்காவிட்டால்?' இது பிரமை இல்லை சார். சிப்காட்டில் கான்ட்ராக்ட்டில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது இரண்டாம் வகை. மூச்சுப்பயிற்சி செய்தால் தீராது, ஒதுக்குதான் வைக்க வேண்டும். அன்று ராத்திரி மனைவியிடம் நோட்டைக் காட்டினேன். முழுசும் படித்துவிட்டு, "இதை இத்தனை நாள் தனியாவா சுமந்தீங்க?" என்றாள். மூன்று மாசச் செலவுக்காக பாங்கில் ஆர்.டி. ஆரம்பித்தோம். நான் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்தேன். ஒன்றரை வருஷம் கழித்து, கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. வருத்தம்தான். ஆனால் அன்று ராத்திரி தூங்கினேன்.

மற்றதெல்லாம் சில்லறைப் பழக்கங்கள். மூன்று மணிக்கு மேல் காபி இல்லை. குடித்த காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகுமாம். போனுக்குப் படுக்கை ஹாலில். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு ரயில். படபடப்பு வந்தால் நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது. மூச்சை விடும்போது இதயம் கொஞ்சம் நிதானப்படும்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலித்தால் 'டென்ஷன்தான்' என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். முதலில் டாக்டர், அப்புறம்தான் நோட்டு. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போனால் 14416-க்கு போன் பண்ணலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்'. இலவசம். ராத்திரியிலும் தமிழில் பேசலாம். குளத்தில் வெல்லமாகக் கரைத்தாலும் சரி, போனில் பேசிக் கரைத்தாலும் சரி... கரைத்தால் போதும்.

இதோ, எடிட்டரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு '?'. சந்தேகமே இல்லை, இந்தக் கட்டுரையைத்தான் கேட்கிறார். முதல் வகை. இன்றைக்கே அடைத்துவிடுகிறேன்!