தாங்குவார் கைகள்

திருவிழாக் காலத்து வீதியில் எழுந்தருளும் திருமேனியைக் கண்டு கைகூப்பி நிற்போர் பலர். அத்திருமேனியைத் தோளிற் சுமந்துவரும் சீர்பாதந் தாங்குவாரை நோக்குவோர் மிகச் சிலர். அங்ஙனம் நோக்காமை அவர்க்கு இழுக்கன்று. அவர்தம் பணி செவ்விதின் நிகழ்கின்றது என்பதற்கு அதுவே சான்றாம். ஒருவர் அடி பிசகுவராயின் அக்கணமே அனைவர் கண்ணும் அவர்மேற் செல்லும். செவ்விதாய் நிகழுங்கால் மறைந்து நிற்றலும், பிழைபட்டவிடத்து வெளிப்படுதலும் தாங்குந் தொழிலின் இயல்பு என்க.

இவ்வியல்பு வாய்ந்த தொழிலொன்று கோயிலுக்குப் புறத்தேயும் உளது. அஃது அருங்காட்சியகங்களிற் கலைப்பொருள்களை எடுத்தும், பெயர்த்தும், காண்பார் கண்ணுக்கு இனிதாக நிறுத்தியும் பணிபுரிவாரது தொழில். அங்குச் செல்வோர் ஓவியத்தின் அழகைப் பேசுவர். சிற்பத்தின் பழமையை வியப்பர். அஃது அவ்விடத்து எவ்வாறு வந்து நின்றது என வினவுவார் அரியர்.

சென்னையிலே 1851-இல் தோன்றிப் பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அரசினர் அருங்காட்சியகத்தைப் பொதுமக்கள் ‘செத்த காலேஜ்’ எனவும், விலங்குகளை வைத்துப் போற்றிய சாலையை ‘உயிர்க் காலேஜ்’ எனவும் நெடுங்காலம் வழங்கிவந்தனர். இவ்வழக்கு நகைப்பிற்குரியதுபோலத் தோன்றினும், அதனுள் ஓர் ஆழ்ந்த ஐயம் அடங்கியுள்ளது. வழிபாடு நீங்கிய திருமேனி உயிர் நீங்கிய உடல் போல்வதன்றோ? அதனை எடுத்து வைப்பார் செய்வது தொண்டாமோ, வெறுஞ் சுமைத்தொழிலாமோ? இவ்வையம் அன்புடையார் பலர் உள்ளத்தும் எழுவதொன்று. இதனை விடுத்தற்கு அப்பணி நிகழும் முறையை அறிதல் வேண்டும்.

சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் உட்பொள்ளலின்றிக் கனமாக வார்க்கப்பெற்றவை. ஆதலின் அளவிற் சிறியனவும் எடையிற் பெரியன. அவற்றின் உடல் வலிது. விரலும், கையேந்திய கருவியும், திருவாசியின் சுடரும் மெலிய. அறியாதான் ஒருவன் தூக்கப் புகுவானாயின், பற்றுதற்கு எளியவாய் நீண்டிருக்கும் கைகளையே பற்றுவன். அறிந்தோன் அவற்றைத் தீண்டான். பீடத்தின் கீழ் ஒரு கையும், முதுகின்பால் ஒரு கையும் கொடுத்துத் தாங்குவன். தாங்குமிடம் தேடிப் பீடத்தை ஆராயுங்கால், திருவுலாவின்பொருட்டுத் தண்டு செலுத்த அமைத்த துளைகளையும் வளையங்களையும் அவன் காண்பன். முகத்தை நோக்கி நிற்பார் காணாத செய்தி இது. இத்திருமேனி சுமக்கப்படுதற்கென்றே பிறந்தது என்னும் உண்மை, சுமக்க வந்தவனுக்கே முதற்கண் புலனாகின்றது. ஆயினும் பழமையால் நலிந்திருத்தல் கூடுமாதலின், அவ்வளையங்களை ஆராயாது நம்பித் தூக்குதல் ஆகாது.

எடுத்தற்கு முன்னரே செய்யத்தக்கன பல. வைக்குமிடம் ஒழுங்காகாமுன் பொருளை எடுத்தல் கூடாது. செல்லும் வழியையும் வாயிலின் அகலத்தையும் அளந்தறிதல் வேண்டும். மோதிரமும் கைக்கடிகாரமும் களைதல் வேண்டும். வியர்வையின் உப்புச் செம்பினைக் கெடுக்குமாதலின் கையுறை அணிதல் வேண்டும். வழுக்கும் மெருகுடைய மட்கலத்தை எடுக்குங்கால் அக்கையுறையே தீதாய் முடிதலுமுண்டு. ஆண்டுத் தூய வெறுங்கையே ஏற்புடைத்து. பலர் கூடித் தூக்குமிடத்துச் சொல் ஒருவனுடையதே ஆதல் வேண்டும். ஆயினும் ‘நில்’ என்னும் சொல்லை மட்டும் எவரும் கூறலாம். அது கேட்ட அளவிலே யாவரும் நிற்பர். இளையோன் கூறினும் மூத்தோன் நிற்பன்.

பொருளின் பழைய வெடிப்பும் கீறலும் முன்னரே எழுதப்பெறும். சென்று சேர்ந்தபின் மீண்டும் ஒத்து நோக்கப்பெறும். தொலைவிலிருந்து வந்த பெட்டியை உடனே திறவாது ஒருநாள் அளவு அவ்விடத்திலேயே இருத்துவர். புதிய இடத்தின் வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் உள்ளிருக்கும் பொருள் மெல்லப் பழகுதல் வேண்டும் என்பது கருத்து. மண்ணுட் கிடந்த செப்புத் திருமேனியில் வெளிறிய பச்சைப்பொடி அரும்புமாயின், உப்பும் ஈரமும் கூடிச் செம்பினை அரிக்கத் தொடங்கின என்பது குறிப்பாம். அன்றாடம் அணுகி நிற்பவன் கண்ணே பெரும்பாலும் அதனை முதலிற் காணும். இவற்றை நோக்குவார்க்கு ஒன்று விளங்கும்: பிறரெல்லாம் செத்ததென்று கருதும் பொருளை இவர் நோவுடையதாகவும், மூப்புடையதாகவும், அஞ்சிக் காக்கத்தக்கதாகவும் கொண்டொழுகுகின்றனர்.

இப்பணியின் அருமை அமைதிக் காலத்துப் புலப்படாது. இடுக்கண் வந்துழிப் புலப்படும். அதற்கோர் எடுத்துக்காட்டு பாரிசு மாநகரத்து நிகழ்ந்தது. ஆண்டுள்ள லூவர் அருங்காட்சியகம் 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், பழுதுபார்த்தற்பொருட்டு எனக் கூறிக் கதவடைத்தது. போர் அணுகிற்று என்பதே மெய்ம்மை. ழாக் ழோழார் என்னும் அதிகாரியின் ஏற்பாட்டின்படி, ஊழியரும் மாணவரும், லா சமாரித்தேன் என்னும் பெருங்கடையின் பணியாளரும் கூடி இரவும் பகலும் ஓவியங்களையும் சிற்பங்களையும் பெட்டிகளில் அடைத்தனர். மோனா லிசா முதலிய ஓவியங்கள் சாம்போர் கோட்டைக்குச் சென்றன. மெதூசாவின் தெப்பம் என்னும் ஓவியம் ஏறத்தாழ 5 மீட்டர் உயரமும் 7 மீட்டர் அகலமும் உடையது; நாடகக் காட்சித் திரைகளை ஏற்றும் வண்டியில் அது சென்றபோது, வெர்சாய் நகரத்து டிராம் கம்பிகளிற் சிக்குண்டது. வழியை முன்னளந்தறிதல் எத்துணை இன்றியமையாதது என்பது இதனானும் விளங்கும்.

சமோத்திராசுத் தீவில் 1863-இல் கண்டெடுக்கப்பெற்ற சிறகுடைய வெற்றித்தெய்வத்தின் சலவைக்கற் சிலை, அகன்ற படிக்கட்டின் உச்சியில் நின்றது. அது துண்டுகளாய்க் கிடைத்து ஒன்றுகூட்டப்பெற்றது. வலச்சிறகு சுதையாற் புதிதாக அமைத்தது. பிரான்சு போரிற் புகுந்த செப்டம்பர் 3-ஆம் நாளிலேயே, படிகளின்மேல் மரத்தாற் சாய்தளம் அமைத்துக் கயிறுகளாற் பற்றி, அச்சிலையை மெல்ல மெல்ல இறக்கினர். சற்றே கை தளரின் ஈராயிரம் ஆண்டு கடந்த ஒன்று நொடியிற் பொடியாம். தளரவில்லை. 1945-இல் அது மீண்டும் தன்னிடத்து ஏறி நின்றது. இன்று அதனைக் காண்பார் எண்ணிறந்தோர். வெற்றித்தெய்வத்தின் பெயரை உலகறியும். அன்று கயிறு பிடித்தார் பெயரை உலகறியாது.

இனி, மேல் நிகழ்ந்த ஐயத்திற்கு விடை காண்போம். அருங்காட்சியகப் பணியாளர் யாவரும் அத்திருமேனியை இறைவன் வடிவமென்று கொண்டு தொழுவாரல்லர். வேற்று நெறியினரும் அவருள் உளர். ஆதலின் அவர் செய்வது சரியையே எனக் கூறின் அது மிகைபடக் கூறலாம். உடம்பாற் செய்யும் தொண்டிற்கு அன்பே உயிர் என்பது நம் நெறியின் துணிபு. எனினும், தன் கையை மறந்து கையிலுள்ளதையே நினைத்தல், தன் விரைவை அடக்கிப் பொருளின் இயல்பிற்கு இசைந்து நடத்தல், செய்த பணியில் தன் பெயர் பொறியாமை ஆகிய இவை தொண்டின் இலக்கணங்கள் அல்லவென எவர் கூறுவர்? காட்சி முடிந்தபின் சுவரில் அறைந்த ஆணியின் துளையையும் அடைத்து, வண்ணம் பூசி, தாம் அங்கிருந்த சுவடும் தோன்றாது செல்வர் அவர். ‘யான்’ என்பது தேய்தற்கு இதுவும் ஒரு பயிற்சியே.

மற்றொருபுறம், வழிபாடு நீங்காத இடத்தும் இவ்விழிப்பு நீங்குதல் உண்டு. நாளும் பூசை நிகழும் கோயிலிலே விரைவுபற்றித் திருமேனியின் கையைப் பற்றித் தூக்குதலும், பொலிவு வேண்டிச் சொரசொரப்பான பொடியிட்டுத் தேய்த்துத் திருமுகத்தின் கண்ணும் மூக்கும் தேயச் செய்தலும் ஆங்காங்குக் காணப்படுகின்றன. பத்தியுடைமை கவனமின்மைக்கு ஈடாகாது. தொழாதவன் அஞ்சித் தாங்குகின்றான். தொழுகின்றவன் அஞ்சாது இழுக்கின்றான் எனின், நாணவேண்டியவர் யார் என்பதை அன்பர்கள் தாமே ஓர்ந்துகொள்க.

தாங்குவாரையும் தாங்குதல் கற்றோர் கடன். முதுகு ஒடியச் சுமப்பித்தல் அறமன்று. தூக்குபொறியும், போதிய ஆளும், தக்க ஊதியமும் நல்கல் வேண்டும். அருங்காட்சியகத்திலோ கோயில் வாயிலிலோ ஒரு திருமேனியின்முன் நிற்குங்கால், திருமுகத்தைக் கண்ட கண்கள் ஒருமுறை பீடத்தையும் நோக்குக. அதன்கீழ்க் கைகொடுத்து, ஊறின்றி இவ்விடம் சேர்த்தார் பலர் உளர். அவரையும் உளங்கொண்டு தொழுதல் நன்று.

திருச்சிற்றம்பலம்.