"ஒருநாளும் கெடையாது" என்றேன்

எங்கள் பாளையங்கோட்டைக் கோயில்களில் சாட்சி சொல்வதற்கென்று ஒரு வார்ப்பு இருக்கிறது. (சர்ச்சுக்கு நாங்கள் சொல்லும் பேர் கோயில்.) முதலில் இருட்டு வரும்: குடி, கடன், தீராத வியாதி, ஒன்றும் அகப்படாவிட்டால் சினிமாப் பைத்தியம். பிறகு ஒரு ராத்திரி, பெரும்பாலும் கன்வென்ஷன் பந்தலில். அதற்கப்புறம் எல்லாம் வெளிச்சம். மைக்கைப் பிடித்தவர் எத்தனை பாடுபட்டிருந்தாலும் அது முடிந்துபோன சங்கதியாகவே இருக்கும். "இன்றைக்குக் காலையில்கூட ஜெபம் வரவில்லை, சுவரோடு பேசுகிற மாதிரி இருந்தது" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நானும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆள், நேருக்கு நேராகக் கேட்டபோதும், அப்படி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று பொய் சொன்னேன். அவள் என் தோழி. என்னைச் சோதிப்பதற்காகக் கேட்கவில்லை அவள்.

ஒரே பள்ளிக்கூடத்தில் நான் தமிழ், அவள் சரித்திரம். பிள்ளைகள் முன்னால் ஒருவரையொருவர் "டீச்சர்". ஸ்டாஃப் ரூமில் வேறு ஆளில்லாவிட்டால் "ஏட்டி". அவளுடைய அப்பா கறுப்புச் சட்டைக்காரர். அம்மாவோ காந்திமதி சந்நிதிக்குப் போய்வராமல் வெள்ளிக்கிழமை வாயில் தண்ணீர் படாதவர். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குச் சாமி உண்டா இல்லையா என்பது சாப்பாட்டு நேரத்துச் சண்டை. அதைப் பற்றிப் பேச அவளுக்குப் பயமே கிடையாது. அம்மாவுக்குப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ராத்திரித் துணைக்குப் போய் இருந்தேன். அந்த அம்மா தூக்கமில்லாமல் முனகும் நேரத்தில் தாழ்ந்த குரலில் ஏதாவது ஒரு கீர்த்தனை பாடுவேன். ராகம் தெரிந்த மனுஷி. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் போடுவார். அதில் எனக்கு எந்தக் கணக்கும் இருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு கணக்கு வந்தது.

அம்மா போன பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனைக்கு வர ஆரம்பித்தாள். வாசலை ஒட்டின கடைசி பெஞ்சு. பாமாலைப் பாட்டுக்கு எழுந்து நிற்பாள், ஜெபத்துக்குத் தலை குனிவாள், விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். ஏன் என்று கேட்டேன். "நம்பாததை எப்படி ட்டி சத்தமாச் சொல்றது? இருக்காருன்னும் சொல்லத் தெரியல, இல்லைன்னு சொல்லவும் மனசு வரல. அதுவரைக்கும் சும்மா நிக்கேன்" என்றாள். அந்தக் கோயிலில் இருந்த எங்களில் பலரைவிட அவள்தான் பிரமாணத்துக்கு மரியாதை கொடுத்தாள் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஆள் பாதி வந்துவிட்டாள்.

என் பாட்டி பைபிள் உமன். குடையும் வேதப்புத்தகமுமாக ஊர் ஊராக நடந்து, அடுப்படிகளில் உட்கார்ந்து பெண்களுக்குக் கதை சொன்னவர். அவரால் வந்த குடும்பங்களைப் பற்றி எங்கள் வீட்டில் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அப்படிக் காட்ட ஓர் ஆள் கிடையாது. பரலோகத்துக்கு வெறுங்கையோடு போவாயா என்று கன்வென்ஷனில் பிரசங்கியார் கேட்கும்போதெல்லாம் என்னைப் பார்த்தே கேட்பதாகப் படும். இவளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். எழுதிப் பார்க்கும்போது அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் நினைப்பு.

அதற்கப்புறம் நான் அவளோடு சும்மா பேசின பேச்சு குறைந்துபோயிற்று. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைக் கையில் எடுத்தேன். கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். உடன்பிறந்தவரும் நண்பர்களும் கிறிஸ்தவர்களான பின்னும் தயங்கி நின்று, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பனியனின் கதையை எடுத்து இரட்சணிய யாத்திரிகம் பாடி, கிறிஸ்தவக் கம்பர் என்று பேர் வாங்கியவர். வகுப்பில் அவர் செய்யுளை நடத்திவிட்டு வந்து, ஸ்டாஃப் ரூமில் இவளுக்கு அவர் வாழ்க்கையை நடத்துவேன். "எவ்வளவு படிச்சவரு, அவரே வந்தாரே" என்று முடிப்பேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். சரித்திர டீச்சர் அல்லவா, பதிலுக்கு அவள் கையிலும் ஒருவர் இருந்தார்.

பிள்ளைகளைத் தஞ்சாவூர் டூர் கூட்டிப் போயிருந்தோம். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுச் சிவகங்கைப் பூங்காவுக்குப் போனவர்கள், பக்கத்திலேயே இருக்கும் சுவார்ட்ஸ் ஐயர் கோயிலுக்குள்ளும் நுழைந்தோம். (பாதிரியாருக்கு நாங்கள் சொல்லும் பேர் ஐயர்.) இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கின சலவைக்கல் சிற்பம் அங்கே இருக்கிறது. சாகக் கிடக்கிற சுவார்ட்ஸ். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரபோஜி. 1787-இல் துளஜா மன்னர் தாம் சாகும் தறுவாயில் சுவீகாரப் பிள்ளையான சரபோஜியை ஒப்படைத்தது இந்த ஜெர்மன் பாதிரியாரிடம். அரண்மனைச் சண்டையில் அந்தப் பிள்ளை நசுங்கிவிடாமல் காத்து, படிக்கவைத்து, அரியணை உரிமைக்காக வாதாடிவிட்டு, 1798-இல் சுவார்ட்ஸ் கண்ணை மூடினார். சிற்பத்தைச் செய்யச் சொன்னதே சரபோஜிதான். கல்லறைக்கென்று ஆங்கிலத்தில் பாட்டெழுதி, அதில் அவரைத் தகப்பன் என்று அழைத்தார். ஞானஸ்நானம் மட்டும் வாங்கவில்லை. பின்னாளில் காசி யாத்திரை போய் வந்தார்.

அவள் அந்தக் கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றாள். "மாறவும் இல்ல, கையை விடவும் இல்ல பாரு" என்றாள்.

நான் சொன்ன பதில்: "பாவம் சுவார்ட்ஸ் ஐயர், எவ்வளவு ஜெபிச்சிருப்பாரு."

அந்தச் சிற்பத்தில் எனக்கு ஒரு தோல்விதான் தெரிந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை எண்ணப் போய்விட்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில், எல்லாரும் தூங்கின பிறகு கேட்டாள்: "எங்க அம்மா இப்ப எங்க ட்டி இருப்பா?" ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொல்லித்தந்த பதில் ஒன்று உண்டு. விரலால் தாளம் போட்ட அந்த மனுஷியை நினைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "எனக்கும் தெரியல, எனக்கும் அது உறுத்துது" என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. அதை விட்டுவிட்டு, "அதை ஆண்டவரு பாத்துக்கிடுவாரு, நீ முதல்ல ஒன் ஆத்துமாவைப் பாரு" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டாள். நல்ல பதில் சொல்லிவிட்ட திருப்தியில் நானும் தூங்கிப்போனேன்.

2007-இல், மதர் தெரசா இறந்து பத்து வருஷம் கழித்து, அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தன. ஆன்ம வழிகாட்டிகளுக்கு அந்தரங்கமாக எழுதினவை. கடவுள் தம்மோடு இருக்கிறார் என்ற உணர்வே இல்லாமல் எத்தனையோ வருஷங்கள் இருட்டில் கழிந்ததை அவற்றில் எழுதியிருந்தார். பேப்பரில் அந்தச் செய்தி வந்த அன்று அவள் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். முகத்தில் கேலி இல்லை. சொல்லப்போனால், துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் இருந்தது.

நான் எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்க ஆர்.சி. தானே" என்றேன்.

எங்களைப்போன்ற சி.எஸ்.ஐ.க்காரர்களுக்கு இது புரியும்; ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர், எங்களுக்கு வேற்றுச் சபை. என் வாயிலிருந்து இதைவிட அற்பமான ஒரு வாக்கியம் வந்ததாக நினைவில்லை. தெருவில் கிடந்தவர்களைத் தூக்கியெடுத்த ஒரு கிழவியின் வேதனையைச் சபைப் பேரைச் சொல்லி ஒதுக்கிவிட்டேன். ஆனால் அவள் விடவில்லை. "சரி, ஆர்.சி.யாவே இருக்கட்டும். ஒனக்கு? ஒனக்கு இப்படி வந்ததே கெடையாதா?"

"ஒருநாளும் கெடையாது. ஆண்டவரு எப்பவும் எங்கூடதான் இருக்காரு."

இனி உண்மை. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் என் தம்பி நாங்குநேரிப் பக்கம் பைக்கில் போகையில் லாரி மோதி, நினைவு திரும்பாமலே செத்துப்போனான். அவன் கிடந்த நாட்களில் வீட்டில் உபவாச ஜெபம். ஐ.சி.யு.வுக்குள் போய் எண்ணெய் பூசினார்கள். ஜெபித்தவர்களில் ஒருவர், பிள்ளை பிழைப்பான் என்று ஆண்டவர் வாக்குக் கொடுத்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னார். அம்மா தினவசனக் காலண்டரிலிருந்து அன்றையத் தாளைக் கிழித்து அவன் தலையணைக்கடியில் வைத்தாள். அடக்கம் முடிந்த மறு ஞாயிறு நான் கோயிலுக்குப் போனேன். விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்து நின்றேன். வாய் அசைந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் யாரோ ஒருவர் எதிரே இருப்பதாகவாவது தோன்றியிருக்கும்.

அது வெகுகாலம் நீடித்தது. அவள் மாலை ஆராதனைக்கு வரத் தொடங்கியபோதும் தீர்ந்திருக்கவில்லை. முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று இப்போதும் சத்தியம் செய்ய மாட்டேன். அந்தக் காலம் முழுக்க ஞாயிறு பள்ளி எடுத்தேன். பரிசளிப்பு விழாவுக்குப் பிள்ளைகளுக்கு வசனம் மனப்பாடம் பண்ணிவைத்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னால், கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி ஜெபித்தேன். சின்ன வயசிலிருந்து காதில் விழுந்த சொற்கள், தாமாகவே வரும். கடைசி பெஞ்சில் அவள் வாய்மூடி நின்ற அதே நிமிஷத்தில் முன் பெஞ்சில் நான் வாயசைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால் அவள் வராமல் போய்விடுவாள் என்று பயந்ததாக எனக்கே பலநாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். நான் உபதேசியார் மகள், பைபிள் உமன் பேத்தி. அவளைக் கைதூக்கிவிட வேண்டுமானால் நான் ஒரு படி மேலே நின்றாக வேண்டும். இரண்டு பேரும் ஒரே படியில்தான் நிற்கிறோம் என்று ஒத்துக்கொண்டால் அப்புறம் நான் யார்?

இதற்குள் இன்னொன்றும் செய்திருந்தேன். சங்கத்தில் அவளை ஜெபக்குறிப்பாகக் கொடுத்திருந்தேன். பேர் சொல்லவில்லை, "எங்க ஸ்கூல் சரித்திர டீச்சர், அம்மா இறந்த பிறகு ஆண்டவரைத் தேடுறாங்க, சந்தேகங்கள் தடையா இருக்கு" என்றேன். பாளையங்கோட்டையில் அதற்குமேல் பேர் எதற்கு? எங்களுக்குள் ஒருத்தியின் அந்தரங்கம் ஊரெல்லாம் பரவ, அவளுக்காக ஜெபிக்கச் சொன்னால் போதும். ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்து நிற்கும்போது, சங்கத்து அம்மா ஒருவர் அவள் தோளைத் தட்டி, "சந்தேகமெல்லாம் தீர்ந்துச்சாம்மா? எப்ப ஞானஸ்நானம்?" என்று பிரியமாகத்தான் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

அவள் சிரித்து வைத்தாள். என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு எப்போதும்போல என்னோடுதான். குழம்பு, மகன் படிப்பு, டி.ஏ. உயர்வு எல்லாம் பேசினோம். ஒரு சண்டை போட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வந்தால் தோமாவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வருஷா வருஷம் தோமாவை நான் ஒரு மக்குப் பையன் மாதிரிதான் நிறுத்திவைப்பேன்: பாருங்கள், இவரைப்போல் இருக்காதீர்கள். நம் ஊருக்கு வந்தவர், மயிலாப்பூரில் அடக்கமானவர் என்று மரபைச் சொல்லிப் பெருமைப்படவும் செய்வோம், அவர் சந்தேகத்தைச் சொல்லித் திட்டவும் செய்வோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் யோவான் எழுதினதை அவசரமில்லாமல் வாசித்தேன். மற்றவர்கள் கண்டோம் என்கிறார்கள், தோமா நம்ப மாட்டேன் என்கிறார். அதற்கப்புறம் எட்டு நாள். அந்த எட்டு நாளில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று ஒரு வரியும் இல்லை. ஆனால் எட்டு நாள் கழித்துக் கதவு பூட்டின வீட்டுக்குள் அவர்களோடு தோமாவும் இருக்கிறார். நம்பாதவரை யாரும் வெளியே அனுப்பவில்லை, அவரும் கிளம்பிப் போகவில்லை. பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அவரைத் திட்டும் தைரியம் இல்லாமல் போயிருக்கலாம் என்றுகூட எனக்கு ஒரு யோசனை உண்டு. எங்கள் ஐயர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

அவள் இப்போது மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு அவள் கூப்பிடுவாள், பொங்கலுக்கு நான். என் மூட்டுவலியை விசாரிப்பாள். பேரப்பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தில் சரித்திரத்தை எப்படிக் கொலை செய்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். தம்பி செத்தது அவளுக்குத் தெரியும், துக்கத்துக்கு வந்தவள்தான். அதற்கப்புறம் எனக்குள் என்ன ஆயிற்று என்பது தெரியாது. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுத்து, சொல்லாமல் வைக்கிறேன். அவள் பேரைப் போடாமல் இப்படி எழுதுவது அதைவிட லேசாக இருக்கிறது.

தினமும் ஜெபத்தில் அவளை நினைக்கிறேன். சுகமாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்து, முடிக்கும்போது பழைய விண்ணப்பத்துக்கே வந்து நிற்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட, இது அவள் கண்ணில் பட்டு, மனசு இளகி, ஒரு ஞாயிறு அங்கே ஏதாவது ஒரு கோயிலுக்குப் போய்விட மாட்டாளா என்ற ஆசை உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.