அம்மாவோட எலும்பும் வருஷத்துக்கு ஒரு ஊசியும்

தக்காளி விலையைப் பத்தி எழுதச் சொல்லி ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. அது எப்பவும் இருக்கிற அழுகைதான், அடுத்த வாரம் பார்த்துக்கலாம். போன ஒரு வருஷமா எங்க வீட்டுல ஓடின வழக்கைப் பத்தி இன்னைக்கு எழுதறேன். அம்மாவுக்கு எலும்புக்கு மருந்து போடறதா, வேண்டாமா?

அம்மாவுக்கு 74 வயசு. மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணி வாளியைத் தூக்கும்போது முதுகுல சுருக்குன்னு பிடிச்சது. கீழே விழவும் இல்லை, எங்கேயும் இடிக்கவும் இல்லை. வலி குறையாம எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா, முதுகெலும்புல ஒரு கட்டை நசுங்கிப் போயிருந்தது. டாக்டர் எலும்புப்புரைன்னு சொன்னார். எங்க ஊர்ல முட்டி வலியில இருந்து இடுப்பு வலி வரைக்கும் எல்லாத்துக்கும் "தேய்மானம்"னு ஒரே பேருதான். மூட்டு தேயறது வேற, இது வேற. இதுல எலும்பே உள்ளுக்குள்ள கரையான் அரிச்ச கட்டை மாதிரி ஆகிடும். உடையற வரைக்கும் வலியே தெரியாது.

எனக்குப் புரிஞ்சதை நம்ம பாஷையில சொல்றேன். நெல் வயலுக்கு நடவுக்கு முன்னாடி அண்டை வெட்டி அண்டை வைக்கிறோம் இல்லையா? பழைய மண்ணைச் செதுக்கித் தள்ளிட்டு, புது சேறு வச்சு மெழுகறோம். எலும்பும் இப்படித்தான் வாழ்நாள் முழுக்க நடக்குது. செதுக்கற செல் ஒரு கூட்டம், பூசற செல் ஒரு கூட்டம். பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நின்ன பிறகு செதுக்கற கூட்டம் கை ஓங்கிடும், பூசறவங்க ஈடு கொடுக்க முடியாது. பெரும்பாலான மருந்துகள் செதுக்கறவங்களைக் கட்டிப்போடற மருந்துதான். நல்லது கெட்டது ரெண்டும் அந்த இடத்துல இருந்தே வருது. ரொம்ப வருஷம் யாருமே செதுக்கலைன்னா பழைய வரப்புல இருக்கிற சின்னச் சின்ன விரிசல் அப்படியே தங்கிடும். பல வருஷம் இந்த மருந்தைத் தொடர்ந்து எடுக்கிற சிலருக்குத் தொடையெலும்பு நடுவுல விரிசல் விடறது இதனாலதான்னு சொல்றாங்க.

"ராகிக்களி தின்னு வளர்ந்த உடம்புடா இது, எனக்கு என்ன கால்சியம் குறைச்சல்?" அம்மா கேட்டது இதுதான். நியாயமான கேள்வி. 100 கிராம் ராகியில சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, அரிசியில அதுல ஒரு துளிதான். ஆனா கால்சியம்ங்கறது சேறு. சேறு எவ்வளவு கொட்டினாலும் பூச ஆள் பத்தலைன்னா வரப்பு நிக்காது. பிரண்டைத் துவையலும் வாரம் ஒருநாள் நடக்குது, வாய்க்கு நல்லா இருக்கு. நசுங்கின முதுகெலும்புக்கு அது மட்டும் போதும்னு நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

எங்க தருமபுரிப் பக்கம் இன்னொரு சிக்கலும் இருக்கு. போர்த் தண்ணியில ஃபுளோரைடு. என் வயசுக்காரங்க சிரிச்சா பல்லுல காவிக் கறை தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, பல ஊர்ல அதைத் தாண்டின தண்ணியைத்தான் குடிச்சோம். ஒகேனக்கல் தண்ணி வந்தது 2013-லதான். ஃபுளோரைடு எலும்புல ஏறினா ஸ்கேன்ல அடர்த்தி அதிகமா காட்டும், ஆனா பலம் இருக்காது. வெளிநாட்டுல ஒரு காலத்துல இதையே எலும்பு மருந்தா கொடுத்துப் பார்த்திருக்காங்க. 1990-ல அமெரிக்காவுல வந்த ஆய்வுல முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் ஏறிச்சு. ஆனா முதுகெலும்பு நசுங்கறது சொல்லும்படி குறையலை, மத்த எலும்பு முறிவு கூடிடுச்சு. படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்க காசு கொடுக்காமலே குடிச்ச மருந்து! அம்மாவுக்கும் முதுகு எண் ஓரளவு பரவாயில்லாம இருந்தது, இடுப்பு எண் மைனஸ் 3.1. மைனஸ் 2.5-க்குக் கீழே போனாலே நோய். நசுங்கின எலும்பும் அடர்த்தியா தெரியும், முதுகு எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னார்.

முதல்ல சொன்னது வாரம் ஒரு மாத்திரை, அலெண்ட்ரோனேட். விலை குறைவுதான். ஆனா வெறும் வயித்துல, ஒரு டம்ளர் வெறும் தண்ணியில விழுங்கி, அரைமணி நேரம் படுக்காம இருக்கணும், டீகூடக் குடிக்கக்கூடாது. தொண்டைக்குழாய்ல மாத்திரை தங்கினா புண்ணாக்கிடும். அம்மாவுக்கு ஏற்கனவே நெஞ்செரிச்சல். முதுகு வலியில அரைமணி நேரம் நிமிர்ந்து உட்காரவும் முடியாது. காலையில நாலரைக்கு டீ இல்லாம அவங்க கண்ணே திறக்காது, அது வேற கதை.

அடுத்தது ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி, டெனோசுமாப். நல்லா வேலை செய்யும்தான். ஆனா தேதி தவறக்கூடாது. பாதியில நிறுத்தினா கட்டிப்போட்ட கூட்டம் அவிழ்த்து விட்ட மாடு மாதிரி பாயும், முதுகெலும்பு ஒண்ணுக்கு ரெண்டா நசுங்கலாம். மரவள்ளிக் கிழங்கு என்ன விலைக்குப் போகும்னு எனக்கே தெரியாது. ஆறாறு மாசத்துக்குத் தவறாம காசு கையில இருக்கும்னு நான் எப்படி வாக்குக் கொடுக்க முடியும்? மருந்து நல்லதா கெட்டதாங்கறதுல இதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொன்னேன், அவரும் தலையாட்டினார். பூசற கூட்டத்தைக் கூட்டற டெரிபாராடைடுன்னு ஒண்ணு இருக்கு, தினமும் ஊசி. விலையைக் கேட்டதோட அந்தப் பேச்சை விட்டுட்டோம்.

கடைசியா நின்னது வருஷத்துக்கு ஒருதரம் நரம்புல ஏத்தற ஜோலெட்ரோனிக் ஆசிட். "70 சதவீதம் குறையும்"னு சொன்னாங்க. பூச்சி மருந்துக் கடையில இந்தச் சதவீதப் பேச்சை நிறையக் கேட்டிருக்கேன். நூறு பேர்ல எத்தனை பேர்னு கேட்டாத்தான் எனக்குப் பிடிபடும். 2007-ல வந்த ஆய்வுல ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வயசான பொம்பளைங்களை மூணு வருஷம் பார்த்திருக்காங்க. மருந்து இல்லாத நூறு பேர்ல சுமார் 11 பேருக்கு முதுகெலும்பு நசுங்கிச்சு, மருந்து போட்டவங்கள்ல 3 பேருக்கு. இடுப்பெலும்பு முறிவு நூத்துக்கு 2.5 பேருன்னு இருந்தது 1.4 ஆச்சு. அதாவது நூறு பேர் போட்டா எட்டு பேர் முதுகு தப்பிக்குது, இடுப்பு ஒருத்தருக்கு. சின்னக் கணக்குதான். ஆனா எங்க பெரியம்மா இடுப்பு உடைஞ்சு படுக்கையில புண்ணு வச்சு எட்டு மாசம் கிடந்ததை நான் பார்த்திருக்கேன்.

இதுக்குள்ள அக்காவுக்கு யாரோ வாட்ஸப்ல தாடை எலும்பு அழுகின படம் அனுப்பிட்டாங்க. "அம்மாவைக் கொல்லப் பார்க்கறியாடா?"ன்னு போன்ல ஒரே சண்டை. அக்கா சொன்னது பொய் இல்லை, அப்படி ஒண்ணு இருக்கு. ஆனா அது பெரும்பாலும் புற்றுநோய்க்காக இதே மருந்தை ரொம்பக் கூடுதலா, அடிக்கடி ஏத்தறவங்களுக்கு. எலும்புப்புரைக்குக் கொடுக்கிற அளவுல வருஷத்துக்குப் பத்தாயிரம் பேர்ல ஒருத்தரோ, அதைவிடக் குறைவோதான். பல் பிடுங்கற வேலையை முன்கூட்டியே முடிச்சுக்கணும். அம்மாவுக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடிட்டு இருந்தது, வெத்தலை புகையிலையோட உபயம். அதைப் பிடுங்கி, புண் ஆற ரெண்டு மாசம் காத்திருந்தோம். அந்த இடைவெளியில கிட்னிக்குக் கிரியாட்டினின் பார்த்தாங்க. கிட்னி சரியில்லைன்னா இந்த மருந்து கூடாது. வைட்டமின் டி குறைவா இருந்ததால அதையும் முதல்ல ஏத்தினாங்க, இல்லைன்னா ஊசிக்கு அப்புறம் ரத்தத்துல கால்சியம் இறங்கிடுமாம்.

ஊசி ஏறினது இருபது நிமிஷம். அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல், அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி. முதல்தடவை போடற மூணு பேர்ல ஒருத்தருக்கு இப்படி வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, அதனால பாராசிட்டமால் கையில இருந்தது. மூணாம் நாள் சரியாச்சு. அந்த ரெண்டு நாளும் அக்கா என்னோட பேசலை.

மருந்து எலும்புக்குத்தான், காலுக்கு இல்லை. வழுக்கி விழுந்தா எல்லாம் போச்சு. அதனால பாத்ரூம்ல பிடிச்சுக்க ரெண்டு இரும்புக் கம்பி, மாட்டுக் கொட்டாய்க்குப் போற வழியில ஒரு லைட்டு, பாசி பிடிச்ச கல்லை எடுத்துட்டு சிமெண்ட் தளம். இதுக்கு ஆன காசு ஊசியைவிடக் கொஞ்சம் கூடுதல்.

தை மாசம் ரெண்டாவது ஊசி. மூணு முடிஞ்சதும் ஸ்கேன் பார்த்து, நிறுத்தி வைக்கலாமான்னு யோசிக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். மருந்து எலும்புலயே தங்கி இருக்கறதால இதை இடையில நிறுத்தினா டெனோசுமாப் மாதிரி பாயாது. தொடையிலயோ அரையிலயோ புதுசா வலி வந்தா உடனே சொல்லணும்னு அம்மாகிட்ட வாரத்துக்கு ஒருதரம் கேக்கறேன். "வலிச்சா சொல்ல மாட்டேனா, போடா"ன்னு சொல்லிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் தவிட்டு வாளியைத் தேடறாங்க. அதை எட்டாத உயரத்துல மாட்டி வச்சிருக்கேன்.