ரிக்கெல்மேவுக்காகக் காத்திருந்த ஆட்டம்

அர்ஜென்டினக் கால்பந்தில், ஆட்டத்தைப் படைக்கும் பத்தாம் எண் வீரர்களின் மரபில் வந்த பெரிய கலைஞர் ஹுவான் ரோமான் ரிக்கெல்மே. அவர் ஓடமாட்டார், பந்தைக் காலடியில் நிறுத்தி, எதிராளியை முதுகால் மறைத்து, சரியான கணத்தில் பாஸ் கொடுப்பார். 2006-இல் வில்லாரியல் கிளப்பைச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குக் கொண்டுசென்றது அந்த நிதானம்தான்.

அதே ஆண்டு உலகக் கோப்பைக் காலிறுதி. ஜெர்மனிக்கு எதிராக அர்ஜென்டினா 1-0 முன்னிலை. பயிற்சியாளர் பெக்கர்மன் ரிக்கெல்மேவை வெளியே அழைத்துக் கம்பியாஸோவை இறக்கினார். ஜெர்மனி சமன் செய்து, பெனால்ட்டியில் வென்றது. ரசிகர்களுக்கு அது ஆறாத வலி.

பிறகு தடுப்பாட்டக்காரர்கள் பத்தாம் எண் வீரர் ஆடும் நடுவெளியை அடைத்துவிட்டார்கள். படைப்பாளிகள் ஓரத்துக்கும் பின்னுக்கும் நகர்ந்தார்கள். 2019-20 பிரீமியர் லீக்கில் 20 கோல்களுக்கு வழிசெய்த நடுக்கள வீரர் டி புருய்னேவுக்கு, பந்து பறிபோனால் விரட்டவும் வேண்டியிருந்தது. ரிக்கெல்மேவிடம் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.