ஒரு வயதில்

குளிப்பாட்டும்போது கருப்பியின் கடைசி முலையடியில் பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்பட்டது. பூச்சிக்கடி என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் நெல்லிக்காயாகிவிட்டது. நாய்க்குப் பொதுவாக ஐந்து ஜோடி முலைகள், கட்டி அதிகம் வருவது தொடைப்பக்கத்து ஜோடிகளில் என்பதெல்லாம் மிருக டாக்டரின் மேஜை முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. அறுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். புற்று.

டாக்டர் இரண்டு கேள்விகள் கேட்டார். கருத்தடை எப்போது? ஒரு வயதில் உடம்பு எப்படி?

முதலாவதற்குப் பதில், நான்கு வயதில். 1969ல் அமெரிக்காவில் ஷ்னைடர் குழுவினர் கணக்கெடுத்திருக்கிறார்கள்: முதல் பருவத்துக்கு முன்பே சூலகத்தை எடுத்துவிட்டால், எடுக்காத நாய்க்குள்ள அபாயத்தில் அரை சதவிகிதம்தான் மிஞ்சும். இரண்டு பருவம் கடந்தால் 26 சதவிகிதம். "பச்சைக் குழந்தையை அறுக்கறதாவது" என்று அம்மா அன்று தடுத்துவிட்டாள்.

இரண்டாவதற்குப் பதில் ஒரு போட்டோ. திண்ணையில் தவலை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் கருப்பி. வந்தவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறோம்.

பிறகு தேடிப் படித்தேன். பென்ஸில்வேனியாவில் 1991ல் வெளியான ஆய்வு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் ஒல்லியாயிருந்த நாய்களுக்கு, முக்கியமாகக் கருத்தடை செய்தவற்றுக்கு, அபாயம் குறைவு என்கிறது. நோய் தெரிவதற்கு முந்தின வருஷத்துப் பருமனை அது குற்றம் சொல்லவில்லை. 1998ல் மாட்ரிட்காரர்கள் அதையும் சேர்த்துக் குற்றம் சொன்னார்கள். ஆனால் அந்த முதல் வருஷத்தைப் பற்றி இருவருக்கும் தகராறில்லை. கொழுப்பு சும்மா கிடக்கிற வஸ்து அல்ல. தானே ஈஸ்ட்ரோஜன் சுரக்கவைக்கிறது. சூலகம் போன பிறகும். இதனால்தான் இந்த நாய்க்கு வந்தது என்று ஒரு நாயைக் காட்டி யாரும் சொல்ல முடியாது. தெரிகிறது. இருந்தும் நாங்கள் மிகவும் பெருமைப்பட்ட வருஷம் அதுதான் என்பது உறுத்துகிறது.

பால்சாதம், நெய் வழித்த பாத்திரம், மத்தியானத்துக்கு மேல் பட்டர் பிஸ்கட். அம்மா ரேஷன் கியூவில் வளர்ந்தவள். கடைசிப் பிடி எப்போதும் அண்ணன்களுக்குப் போயிற்று என்பாள், புகாராக அல்ல. அவளுக்குப் பிரியம் என்றால் தட்டு நிறைவதுதான். எனக்கும் அப்படித்தான் செய்தாள்; என் வயிறே சாட்சி.

தையல் பிரித்து வந்த அன்று கேட்டாள், "எதனாலயாம்டா?"

"வயசாச்சில்ல" என்றேன்.

"ஆமா, பாவம்" என்று முந்தானையில் முடிந்திருந்த பிஸ்கட்டை அவிழ்த்தாள். கருப்பி வாலாட்டிக்கொண்டு போனாள். நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.